கடலில் நின்ற குரல்: ஏபி நாத்தனின் வாழ்வும் அரசுகளுக்குச் சொந்தமில்லாத வானொலியும்

1993ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், இஸ்ரேல் கடற்கரைக்கு அப்பால், பன்னாட்டுக் கடற்பரப்பில் ஒரு பழைய சரக்குக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. எந்தப் படையும் அதைத் தாக்கவில்லை. புயலும் அதைக் கவிழ்க்கவில்லை. இருபது ஆண்டுகளாக அக்கப்பலிலிருந்து வானொலி நடத்திய மனிதரே அதைக் கடலுக்கு ஒப்படைக்க முடிவு செய்தார். டெல் அவிவ் நகரில் அதை அருங்காட்சியகமாக நிறுத்தி வைக்கும் முயற்சி தோற்றுப்போயிருந்தது. கடன் மட்டுமே எஞ்சியிருந்தது. அக்கப்பலின் பெயர் அமைதி. அம்மனிதரின் பெயர் ஏபி நாத்தன்.

அரபு–இஸ்ரேல் முரண் குறித்து இன்று நாம் படிப்பதும் கேட்பதும் பெரும்பாலும் அரசுகளும் பெருநிறுவனங்களும் வடிகட்டித் தந்த செய்திகளே. எவர் கையிலும் சிக்காமல் பேசிய குரல்கள் அந்த வரலாற்றில் மிகச் சிலவே உண்டு. அவற்றுள் அமைதியின் குரல் என்னும் அந்தக் கடல் வானொலி முதன்மையானது. அதை நடத்தியவரின் வாழ்வை வியந்து போற்றுவது நமது நோக்கமன்று. ஒடுக்கும் தரப்பில் பிறந்த ஒருவர் எவ்வளவு தூரம் நடக்க முடியும், எங்கே அவர் நின்றுபோகிறார் என்பதை அறிவதற்காகவே அவ்வாழ்வை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பம்பாயில் வளர்ந்தவர்

ஏபி நாத்தன் 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் ஈரானின் எண்ணெய் நகரமான அபாதானில் பிறந்தார். இளமைப் பருவத்தைக் கழித்ததோ பம்பாயில். யூதக் குடும்பத்துப் பிள்ளையான அவர் கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்திய பள்ளியில் படித்தார். பல மதத்தாரும் பல மொழியாரும் நெருங்கி வாழ்ந்த நகரம் அது. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, 1944இல், பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து விமானியானார். பின்னர் இந்தியப் பிரிவினையையும் கண்ணெதிரே கண்டார். ஒரு நிலத்தை மதத்தின் பெயரால் பிளந்தால் மனிதர்க்கு என்ன நேரும் என்பதை அவர் முதலில் அறிந்தது பாலஸ்தீனத்திலன்று, இந்தியத் துணைக்கண்டத்திலேயே.

அதே பம்பாயிலிருந்தும் கொங்கணக் கடற்கரையிலிருந்தும் பின்னாளில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு அங்கே நேர்ந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இஸ்ரேலின் தலைமை மதபீடம் அவர்களது பிறப்பின் தூய்மையை ஐயுற்றது. அவர்கள் மற்ற யூதர்களை மணக்க வேண்டுமாயின் முன்னோர் வழியை ஆராய வேண்டும் என்று கட்டளையிட்டது. அவர்கள் எருசலேமில் போராடினர். 1964இல் நாடாளுமன்றம் தலையிட்டு, அவர்கள் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர் என்று அறிவிக்க நேர்ந்தது. பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் நோய்க்கு எல்லைச்சுவடி இல்லை என்பதை நம்மைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யார்?

குண்டு வீசியவர் கண்டது

1948இல் இஸ்ரேல் உருவானபோது, வெளிநாடுகளிலிருந்து அதன் பக்கம் போரிடச் சென்ற தன்னார்வ விமானிகளுள் நாத்தனும் ஒருவர். அதுவே அவர் வாழ்வின் திருப்பம். அப்போரில் அவர் அரபுச் சிற்றூர்களின்மீது குண்டு வீசினார். கலிலேயாவின் மலைப்பகுதியில் இருந்த சாசா அவற்றுள் ஒன்று. பின்னர் தரைவழியே அங்கே சென்றபோது, தாம் வானிலிருந்து வீசியதன் விளைவை அருகில் கண்டதாக அவரே பிற்காலத்தில் எடுத்துரைத்தார். அக்காட்சி அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை.

சாசா 1948 அக்டோபர் இறுதியில் கைப்பற்றப்பட்டது. ஊரார் லெபனானை நோக்கி அகதிகளாயினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அதே இடத்தில், அதே பெயரில், ஒரு யூதக் கூட்டுப்பண்ணை எழுந்தது. அக்காலத்தில் 7,00,000க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தனர். 400க்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளற்றுப்போயின. நக்பா என்னும் அப்பேரழிவின் ஒரு சிறு துகளே சாசா. நாத்தனின் அமைதிப் பணியைப் பேசும் பலர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடக்க முடியாது. அவரது வாழ்வின் முதல் உண்மை கப்பலன்று, எரிந்த ஊரே.

போருக்குப் பின் அவர் இஸ்ரேலிலேயே தங்கினார். எல் அல் விமான நிறுவனத்தில் பணியாற்றினார். பிறகு டெல் அவிவில் கலிஃபோர்னியா என்ற உணவகத்தை நடத்தினார். கலைஞர்களும் எழுத்தாளர்களும் இதழாளர்களும் கூடிப் பேசும் இடமாக அது புகழ்பெற்றது. வசதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆயினும் 1965இல் நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு சிறு பட்டியலை அமைத்துப் போட்டியிட்டார். வென்றால் எகிப்துக்குப் பறந்து சென்று அதிபர் நாசரைச் சந்திப்பேன் என்பதே அவரது வாக்குறுதி. அப்பட்டியல் ஓர் இடத்தையும் வெல்லவில்லை.

தோற்றபின்பும் அவர் வாக்குறுதியைக் கைவிடவில்லை. 1966 பிப்ரவரி 28 அன்று, அமைதி என்று பெயரிட்ட ஒரு பழைய இரட்டைச் சிறகு விமானத்தில் தனியாளாகப் புறப்பட்டு எகிப்தின் போர்ட் சைத் நகரில் இறங்கினார். இரு நாடுகளும் ஒன்றையொன்று பகைநாடாக அறிவித்திருந்த காலம் அது. அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியும் இஸ்ரேலில் பரவியது. எகிப்திய அதிகாரிகள் அவரைத் தடுத்து வைத்தனரேயன்றித் துன்புறுத்தவில்லை, உபசரித்தனர். நாசரைச் சந்திக்கும் வேண்டுகோளை மட்டும் மறுத்துத் திருப்பியனுப்பினர். தாயகம் திரும்பியவரை மக்கள் கொண்டாடினர். அரசோ, சட்டத்தை மீறி நாட்டைவிட்டு வெளியேறினார் என்று கைது செய்தது. 1967 ஜூன் போருக்குச் சில வாரங்கள் கழித்து, ஜூலை மாதத்தில், அவர் மீண்டும் எகிப்துக்குப் பறந்தார். இம்முறை திரும்பி வந்ததும் 40 நாள் சிறைவாசம்.

இடையில் அவர் உலகத் தலைவர்களையும் அறிஞர்களையும் தேடிச் சென்று ஆதரவு திரட்டினார். போப் ஆறாம் பவுல், பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், ழான் பால் சார்த்தர், ராபர்ட் கென்னடி ஆகியோர் அவர் சந்தித்தவர்களுள் சிலர். பயாஃப்ராவில் பட்டினியால் குழந்தைகள் மடிந்தபோது நிதி திரட்டி உணவுடன் சென்றார். நிகராகுவாவின் நிலநடுக்கம், கம்போடியாவின் பஞ்சம், எத்தியோப்பியாவின் வறட்சி என அவரது நிவாரணப் பணி பின்னாளில் விரிந்துகொண்டே சென்றது.

வானலையும் ஆயுதமே

ஏன் வானொலி? இதை அறிய அன்றைய மத்திய கிழக்கின் வானலைகளை நினைவுகூர வேண்டும். கெய்ரோவிலிருந்து 1953 முதல் ஒலித்த அரபுகளின் குரல், நாசரின் அரசியலை அரபு உலகெங்கும் கொண்டு சென்றது. குடியேற்ற ஆதிக்கத்துக்கு எதிராக அது ஆற்றிய பணி பெரிது. ஆயினும் 1967 ஜூன் போரின் முதல் நாள்களில், எகிப்திய விமானப் படை தரையிலேயே அழிக்கப்பட்டுக் கிடந்தபோது, வெற்றிமேல் வெற்றி என்று அதே வானொலி முழங்கியது. உண்மை வெளிப்பட்டபோது கோடிக்கணக்கான நேயர்களின் நம்பிக்கை ஒரே வாரத்தில் நொறுங்கியது. மறுபுறம், இஸ்ரேலின் அரசு வானொலி 1965 வரை தலைமை அமைச்சரின் அலுவலகத்தின்கீழ் இயங்கியது. அதற்கு அடுத்த பெரிய நிலையம் இராணுவமே நடத்திய வானொலி. ஆக, இரு கரைகளிலும் ஒலிவாங்கி அரசின் கையில் இருந்தது. எதிர்த்தரப்பு மனிதரை மனிதராகக் கேட்பதற்கு இரு தரப்பு மக்களுக்கும் வழியே இல்லை.

எந்த அரசின் உரிமமும் தேவைப்படாத ஒரே இடம் கடல். 1969இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில், 1940இல் கட்டப்பட்ட ஒரு சரக்குக் கப்பலை நாத்தன் வாங்கினார். நியூயார்க்கில் அதை நிறுத்தி, நன்கொடை திரட்டி, ஒலிபரப்புக் கருவிகளைப் பொருத்த ஆண்டுகள் பிடித்தன. பாடகர் ஜான் லெனன் முதலானோர் துணைநின்றனர். 1973 மே மாதத்தில், டெல் அவிவ் கடற்கரைக்கு எதிரே, கடல் எல்லைக்கு வெளியே நங்கூரமிட்டு, அமைதியின் குரல் பேசத் தொடங்கியது.

சில மாதங்களிலேயே அக்டோபர் போர் வெடித்தது. பணமும் தீர்ந்தது. ஒலிபரப்பு நின்றது, 1975இல் மீண்டும் தொடங்கியது. அதன்பின் 1540 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையிலும், 1980களில் பண்பலை 100லும் அது நாள்தோறும் ஒலித்தது. நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி பாடல்களே. இடையிடையே வன்முறையைக் கைவிடக் கோரும் சிறு செய்திகள், நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகள், நாத்தனே நேரடியாகப் பேசும் வேளைகள். கதிரவன் மறையும் நேரத்தில் ஒவ்வொரு நாளும், வன்முறைக்குப் பலியான எல்லோருக்காகவும் சில நொடி மௌனம். எந்தத் தரப்பின் பிணம் என்று பிரித்துப் பாராத அந்த மௌனம், அரசு வானொலிகள் எவையும் செய்யத் துணியாத செய்தி அறிக்கை என்றே நாம் கருதுகிறோம்.

இளைஞர்கள் பெருவாரியாக அந்த அலைவரிசைக்கு மாறினர். 1976இல் இஸ்ரேலின் அரசு வானொலி புதிதாக ஒரு மெல்லிசை அலைவரிசையைத் தொடங்க நேர்ந்ததற்கு இந்தக் கப்பலும் ஒரு காரணம். 1978இல் ஆக்கிரமித்த நிலங்களில் குடியேற்றங்கள் கட்டப்படுவதை எதிர்த்து நாத்தன் மேற்கொண்ட நீண்ட உண்ணாநிலைப் போராட்டம், அதை நிறுத்துமாறு நாடாளுமன்றமே அவரைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு நாட்டை உலுக்கியது. ஆயினும் குடியேற்றங்கள் நிற்கவில்லை.

பேசுவதே குற்றம்

1986இல் இஸ்ரேல் தனது பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பிரதிநிதி எவரையும் இஸ்ரேல் குடிமக்கள் சந்தித்தல் குற்றமாயிற்று. சந்தித்து என்ன பேசினார்கள், எதற்காகப் பேசினார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. சந்திப்பதுவே குற்றம். அவ்வாண்டு நவம்பரில் ருமேனியாவில் பாலஸ்தீனத் தலைவர்களைச் சந்தித்த இஸ்ரேலிய அமைதி ஆர்வலர் நால்வர் தண்டிக்கப்பட்டனர்.

நாத்தன் இச்சட்டத்தை மறைவாக அன்று, வெளிப்படையாகவே மீறினார். யாசர் அரஃபாத்தைச் சந்தித்தார். 1989இல் சிறை சென்று ஏறத்தாழ நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் மீண்டும் சந்தித்தார். 1991இல் அச்சட்டத்தை நீக்கக் கோரி 40 நாள் உண்ணாநிலை இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் தண்டனையைக் குறைத்ததால் 1992 மார்ச் இறுதியில் விடுதலையானார். அப்போது அவருக்கு வயது 64.

1993 ஜனவரியில் அச்சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் இஸ்ரேலின் தலைமை அமைச்சர் இட்ஸாக் ராபின் வாஷிங்டனில் அரஃபாத்தின் கையைப் பற்றிக் குலுக்கினார். எச்செயலுக்காக ஒரு குடிமகன் இருமுறை சிறை சென்றாரோ, அச்செயலை நாட்டின் தலைவர் உலகின் முன்னிலையில் செய்தார்.

இன்னாரோடு பேசாதே, இன்னாரைத் தொடாதே, இன்னாரோடு ஒரே பந்தியில் அமராதே என்று மனிதரைப் பிரித்து வைக்கும் கட்டளையின் பொருளை நாம் பட்டறிவால் அறிவோம். ஒடுக்குமுறை தன்னைக் காத்துக்கொள்ள முதலில் தடை செய்வது தொடர்பையே. எதிரே இருப்பவரின் குரலைக் கேட்டுவிட்டால் அவரை அரக்கராகக் காட்டுவது கடினமாகிவிடும். அவ்வகையில் நாத்தன் உடைத்தது வெறும் பாதுகாப்புச் சட்டத்தை அன்று; ஒரு தீண்டாமையை.

அமைதியும் நீதியும்

ஆயினும் நமது பார்வையில் இவ்வாழ்வின்மீது கேள்விகளும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று.

முதலாவது, மொழி. அக்கப்பலின் அன்றாடக் குரல் பெரும்பாலும் ஆங்கிலமே. அறிவிப்பாளர்களில் பலர் பிரிட்டனிலிருந்து வந்த இளைஞர்கள். எபிரேயமும் அரபும் ஒலித்தன. எனினும் அகதி முகாமில் வாழும் ஒரு பாலஸ்தீனப் பெண் தன் மொழியில் தன் கதையைச் சொல்லும் மேடையாக அது வளரவில்லை. அவர்களுக்காகப் பேசிய வானொலியே தவிர, அவர்களே நடத்திய வானொலியன்று.

இரண்டாவது, அமைதி என்ற சொல்லின் பொருள். வலியோர்க்கும் எளியோர்க்கும் இடையே, இரு தரப்பும் சண்டையை நிறுத்துங்கள் என்று சம அளவில் கேட்பது நடுநிலை போலத் தோன்றும். சேரி எரிக்கப்பட்டபின் எரித்தவரையும் எரிந்தவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தையை நாம் கண்டிருக்கிறோம். நிலம் பற்றியும் வழக்குப் பற்றியும் ஒரு சொல்லும் இன்றி, இனி ஒற்றுமையாய் இருப்போம் என்று இரு தரப்பிடமும் கையொப்பம் வாங்கப்படும். நீதி இல்லாத அமைதி வென்றவனுக்கே பயன்படும். சாசாவிலிருந்து துரத்தப்பட்டோர் ஊர் திரும்பும் உரிமை, பாடல்களுக்கு இடையே வைத்துச் சொல்லிவிடக்கூடிய செய்தியன்று.

மூன்றாவது, கருவி எவர் கைக்கும் வரும் என்பது. 1988இல் இஸ்ரேலியக் குடியேற்ற ஆதரவாளர்களும் அதே மத்தியதரைக் கடலில் ஒரு கப்பலை நிறுத்தித் தங்களுக்கென வானொலி தொடங்கினர். உரிமம் இல்லாமை மட்டுமே ஓர் ஊடகத்தை விடுதலையின் ஊடகமாக்கிவிடாது. அது யார் பக்கம் நிற்கிறது என்பதே அளவுகோல்.

இக்கேள்விகளோடு சேர்த்தே மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நாத்தன் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. குண்டு வீசியவர் விமானத்தில் தூது சென்றார். தூது சென்றவர் கப்பல் நிறுத்தினார். பாடல் ஒலிபரப்பியவர் குடியேற்றங்களை எதிர்த்துப் பட்டினி கிடந்தார். இறுதியில், தம் அரசு எதிரி என்று அறிவித்த மக்களின் தலைவரைச் சந்தித்ததற்காகச் சிறைக்குச் சென்றார். ஒவ்வொரு படியிலும் அவர் இழந்தது கூடிற்று. தம் சாதியின் வசதியை இழக்காமலேயே சமத்துவம் பேசும் நல்லெண்ணக்காரர்களை நாம் ஏராளமாகப் பார்த்திருக்கிறோம். உணவகத்தையும் பணத்தையும் உடல்நலத்தையும் செலவிட்டவர் வேறு வகையினர்.

மூழ்கிய கப்பலும் எஞ்சிய நாடாக்களும்

1993 அக்டோபர் 1 அன்று அமைதியின் குரல் இறுதியாக ஒலித்தது. அன்று பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் நாள் முழுதும் ஒலித்தன. ஒஸ்லோ உடன்பாட்டுக்குப்பின் தம் பணி முடிந்தது என்று நாத்தன் நம்பினார். அந்நம்பிக்கை தவறு என்பதை வரலாறு விரைவிலேயே காட்டிற்று. 1995இல் ராபின் சொந்த நாட்டு யூதர் ஒருவராலேயே கொல்லப்பட்டார். 1996இல் நாத்தனுக்குப் பக்கவாதம் ஏற்பட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது; பேச்சும் தடுமாறியது. குரலையே வாழ்வாகக் கொண்டவர் இறுதி ஆண்டுகளைப் பெரிதும் குரலின்றிக் கழித்தார். 2007இல், கப்பல் நங்கூரமிட்டிருந்த திசையை நோக்கி டெல் அவிவ் கடற்கரையில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. 2008 ஆகஸ்ட் 27 அன்று, 81ஆம் வயதில் மறைந்தார். முயன்றேன் என்ற பொருள்தரும் ஒற்றைச் சொல்லே தம் கல்லறையில் இருக்க வேண்டும் என்பது அவரது விருப்பம்.

அரசு வானொலிகளுக்கு ஆவணக் காப்பகங்கள் உண்டு, ஊழியர்கள் உண்டு, நிதி உண்டு. மூழ்கிய கப்பலுக்கு அவை எவையும் இல்லை. அக்காலத்தில் வீட்டில் அமர்ந்து ஒலிநாடாவில் பதிவு செய்த நேயர்களும், அங்கே பணியாற்றிய அறிவிப்பாளர்களும் காத்துவைத்தவையே இன்று அவ்வானொலியின் காப்பகம். 2009இல் அதன் பெயரில் இணைய வானொலி ஒன்றும் தொடங்கப்பட்டது. ஒரு போரின் வரலாற்றை எழுதுவோர் தளபதிகளின் கோப்புகளை மட்டும் புரட்டாமல் இந்த நாடாக்களையும் கேட்க வேண்டியிருப்பது எளிய மக்களின் அக்கறையால்தான்.

இது நமக்குப் புதிய பாடமன்று. 1907 முதல் 1914இல் தாம் மறையும்வரை அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய தமிழன் இதழ், பல பத்தாண்டுகள் பொதுவெளியின் நினைவிலேயே இல்லை. 1999இல் அவரது எழுத்துகள் தொகுக்கப்பட்டு வெளிவந்தபின்பே தமிழகத்தின் சிந்தனை வரலாறு திருத்தி எழுதப்பட்டது. 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் மூக்நாயக் இதழைத் தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிடக் கேசரி இதழ் மறுத்தது. நமக்கென்று ஓர் ஊடகம் இல்லையேல் நம் வரலாறு இல்லை என்பதை அந்த மறுப்பே எழுதிக்காட்டியது.

வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆயினும் இந்நாட்டின் தனியார் வானொலியோ சமுதாய வானொலியோ தாமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதிக்கப்படவில்லை. தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் 2008 முதல் நடத்திவரும் சங்கம் வானொலி, விதைகளையும் பாடல்களையும் உழைப்பின் அறிவையும் தம் சொந்த வழக்கில் பேசுகிறது. ஆனால் பக்கத்து ஊரில் நிகழும் வன்கொடுமையை அவ்வாறான ஒரு நிலையம் செய்தியாக வாசிக்க முடியாது.

நாத்தன் தம் குரலுக்கு இடம் தேடிக் கடலுக்குச் செல்ல நேர்ந்தது. அவர் பேசிய அமைதி இன்றும் வரவில்லை. சாசாவின் மக்கள் இன்றும் ஊர் திரும்பவில்லை. எனினும் இரு அரசுகளும் பகையை மட்டுமே ஒலிபரப்பிய காலத்தில் வேறு ஒரு குரலும் இருந்தது என்பதற்கு அந்த நாடாக்கள் சான்றாக நிற்கின்றன. அடுத்த தலைமுறை நம்மைப் பற்றி என்ன கேட்கப்போகிறது என்பது, இன்று நாம் எதைப் பதிவு செய்கிறோம், எதைக் காத்துவைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அமையும். நம் கூட்டங்களின் உரைகள், நம் முதியோரின் நினைவுகள், வன்கொடுமைக்கு ஆளானோரின் வாக்குமூலங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவைக்கும் பொறுப்பை எந்த அரசும் நமக்காக ஏற்காது. அதை நாமே ஏற்க வேண்டும்.